பாட்டிக்கு ஃப்ரீ... தாத்தாவுக்கு டிக்கெட்!

அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சென்னையில் பஸ் டோக்கன் உண்டு, மேல்விஷாரத்தில் இல்லை. மாவட்டங்களுக்கும் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? அந்தப் பணத்தை யார் தருவது?

ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் நிற்கிற அரசு டவுன் பஸ் ஒன்றில் வயதான கணவனும் மனைவியும் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜா அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அவருக்குச் சர்க்கரை, அந்த அம்மாவுக்கு முழங்கால். கண்டக்டர் மெஷினைத் தட்டி அந்த அம்மாவுக்குக் காசு வாங்காமல் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அடுத்து, “பாய், உங்களுக்கு?” என்று கை நீட்டுவார். ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே மருத்துவமனை. ஒருவருக்கு அரசு கட்டணம் கட்டுகிறது. மற்றவர் சட்டைப்பையைத் துழாவுகிறார்.

இதே தம்பதி சென்னையில் மகன் வீட்டோடு குடியேறி, அங்கே ரேஷன் கார்டில் பெயரும் ஏறிவிட்டால் நிலைமை வேறு. கணவருக்கும் மாதத்துக்கு 10 டோக்கன் கிடைக்கும். ஒரு டோக்கனுக்கு ஒரு பயணம், ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. ஆறு மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மாநிலம் ஒன்றுதான், அரசாங்கமும் ஒன்றுதான். ஆனால் அறுபது வயது ஆணுக்குக் கிடைக்கும் சலுகை, அவர் எந்த ஊரில் மூப்படைகிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 58 வயதைத் தாண்டிய முதியோருக்கு அரசுப் பஸ்ஸில் இலவசப் பயணம் என்பது 2011 தேர்தலில் அதிமுக கொடுத்த வாக்குறுதி. ஆட்சி கிட்டத்தட்ட முடியப்போகிற நேரத்தில், 2016 பிப்ரவரியில், முதல்வர் ஜெயலலிதா அதைச் சென்னையில் தொடங்கிவைத்தார். 58 என்பது 60 ஆகியிருந்தது. அளவில்லாத பயணம் பத்து டோக்கனாகச் சுருங்கியிருந்தது. தமிழ்நாடு என்பது சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகமாகியிருந்தது. முதலில் தலைநகர், பிறகு மற்ற ஊர்கள் என்ற பேச்சு அப்போது இருந்தது. அந்தப் ‘பிறகு’ வரவில்லை. கொரோனா வந்த 2020 மார்ச்சில் டோக்கனும் நின்றது. பஸ்கள் பழையபடி ஓடத் தொடங்கி, கடைகளும் தியேட்டர்களும் திறந்து, எல்லாம் சகஜமான பிறகும் டோக்கன் மட்டும் வரவில்லை. 2022 பிப்ரவரியில்தான் மறுபடி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவில்தான் பெரிய மாற்றம் நடந்தது. 2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். மறுநாளே அமலுக்கு வந்தது. திருநங்கையரும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களோடு துணைக்கு வருபவரும் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். பிறகு ‘விடியல் பயணம்’ என்று பெயரும் வைத்தார்கள். அறுபது வயதுப் பெண்ணுக்கு டோக்கனுக்கான தேவை அன்றோடு முடிந்தது. தமிழ்நாட்டு முதியோரில் பாதிப் பேருக்கு, முதியோர் திட்டம் என்று யாரும் பெயர் வைக்காமலே, இலவச பஸ் வந்து சேர்ந்துவிட்டது. மீதிப் பாதி ஆண்கள். அவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரையின் ஒரு பாதி. மற்றது, ஆணோ பெண்ணோ, ஏறுவதற்கு பஸ் இருக்கிறதா என்பது பற்றி.

தோலில் போன காலம்

இந்தக் கேள்வியை மேல்விஷாரத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தப் பட்டை, இந்தியத் தோல் ஏற்றுமதியின் முதுகெலும்பு. இங்கே பதமான தோல் ஐரோப்பியக் கடைகளில் ஷூவாகவும் கைப்பையாகவும் நிற்கிறது. பதப்படுத்தியவர்களின் முதுமை எப்படி இருக்கிறது என்பதற்கு அவ்வளவு பளபளப்பு இல்லை.

டேனரியில் வேலை என்றால் பச்சைத் தோலை உப்பு உதறி எடுப்பதில் தொடங்கும். சுண்ணாம்பு, குரோமியம், ஈரம், நாற்றம், பாரம். முதுகும் மூட்டும் தோலும் மூச்சும் கேட்கிற விலை அது. பெரிய நிறுவனங்களில் நிரந்தரமாக இருந்தவர்களுக்கு பி.எஃப். உண்டு, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்கள் பலருக்கு அதுவும் சரியாக ஏறவில்லை. ஏறியவர்களுக்குத்தான் என்ன பெரிய தொகை? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயமானது. பத்தாண்டு தாண்டியும் அதே ஆயிரம்தான். பி.எஃப். வரம்புக்கே வராதவர்களுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை. தமிழ்நாடு அதை 2023-இல் 1,200 ஆக உயர்த்தியது. அதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருந்தால், இன்னமும் 200 ரூபாய்தான்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் கொடுத்த தீர்ப்பை இந்தப் பகுதியில் வயதானவர்கள் மறக்க மாட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகள் மூடப்பட வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது அது. நிலத்தடி நீருக்கும் விவசாயத்துக்கும் அந்தத் தீர்ப்பு அவசியமானது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோளாகிறது. அப்போது நடுவயதில் இருந்த தொழிலாளர்கள்தான் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். நிலத்துக்கும் கிணற்றுக்கும் ஈடு கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. வேலை விட்டுப் போன கைகளுக்கு அப்படி ஒரு கணக்கு போடப்படவில்லை.

இப்போது மாதம் ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ வாங்குகிற ஒருவரின் போக்குவரத்தை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனை. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பெயர்தான் வேலூர், இருப்பது திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில். மேல்விஷாரத்திலிருந்து வேலூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனை என்றால் வேலூர்க் கோட்டைப் பக்கம் உள்ள பழைய வளாகம், அல்லது கீழ்மின்னலில் 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம். பென்ஷனுக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று. விரல்ரேகை மெஷினில் விழவில்லை என்றால் வேலூர் பி.எஃப். ஆபீஸ். சுண்ணாம்பில் தேய்ந்த விரலுக்கு அந்த மெஷின் எத்தனை முறை கை விரிக்கும் என்பதை உடலுழைப்பாளர்களைக் கேட்டால் தெரியும். இதற்கு மேல் ஆம்பூரில் ஒரு மௌத்து, வாணியம்பாடியில் ஒரு நிக்காஹ். இந்தப் பகுதியின் குடும்பங்கள் ஊருக்கு ஊர் சம்பந்தம் செய்துகொண்டவை. போகாமல் இருக்க முடியாது.

தமிழ்நாடு ஆண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினருக்குப் பாஸ் உண்டு. விடுதலைப் போராட்ட வீரருக்கு உண்டு, மொழிப்போர்த் தியாகிக்கு உண்டு, அகவை முதிர்ந்த தமிழறிஞருக்கு உண்டு, பள்ளி மாணவனுக்கு உண்டு, போக்குவரத்துக் கழகத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவருக்கும் உண்டு. எல்லாம் நியாயமே. நாற்பது வருடம் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தோலுக்கு உழைத்தவர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

எந்த பஸ்ஸில் ஃப்ரீ?

இலவசம் என்று பொதுவாகச் சொல்கிறோம். இலவசம் டவுன் பஸ்ஸுக்குத்தான், அதுவும் சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான். சென்னை, கோவை போன்ற நகரங்களில் இது பெரிய தடையில்லை. அங்கே ஒருவரின் வாழ்க்கை டவுன் பஸ் ஓடும் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். மேல்விஷாரம் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். சாலை நிறைய பஸ் ஓடும். ஓடுகிற பஸ்ஸில் பாதி நமக்கு நிற்காது. நிற்பதில் சில தனியார் பஸ். அதில் யாருக்கும் ஃப்ரீ இல்லை. சில புறநகர் பஸ். அரசு பஸ்தான், ஆனால் அதிலும் ஃப்ரீ இல்லை. வேலூரிலிருந்து ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ போனால் பெண்களும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

ஆகவே மாவட்டத்து நிறுத்தங்களில் ஒரு காட்சி அன்றாடம் பழகிப்போய்விட்டது. தனியார் பஸ் வரும், போகும். புறநகர் பஸ் வரும், போகும். வயதான பெண்கள் இலவச பஸ் வரட்டும் என்று நிற்பார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்பது அவர்கள் கட்டுகிற கட்டணம். கூலி வேலைக்குப் போகிற இளம்பெண்ணுக்குப் பணம் முக்கியமா நேரம் முக்கியமா என்று அவளே முடிவு செய்துகொள்வாள். எழுபது வயதில் முழங்கால் வலியோடு நிற்பவரின் நேரத்துக்கு விலை இல்லை என்று நாமே முடிவு செய்துவிட்டோம்.

பஸ் வந்தாலும் படி ஏற வேண்டும். நம் ஊர் அரசு பஸ்களின் தளம் லாரி சட்டத்தின் மேல் கட்டியது. முதல் படியே பல முதியவர்களுக்கு இடுப்புக்குப் பக்கம். தாழ்தளப் பஸ்களுக்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதன் பலன் 2024-இல் சென்னைச் சாலைகளில் தெரிய ஆரம்பித்தது. மாவட்டங்களுக்கு வந்திருப்பவை பெரும்பாலும் மஞ்சள் வண்ணம் அடித்த புது பஸ்கள். நிறம் புதிது, படி பழைய உயரம்.

ஒரு தோராயக் கணக்கு

சரி, அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் சென்னை மாதிரியே மாதம் பத்துப் பயணம் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? அரசின் கணக்கு எதுவும் பொதுவெளியில் பேசப்படவில்லை. நாமே போட்டுப் பார்ப்போம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீட்டில் 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. அதாவது ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். ஆண்கள் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஐம்பது லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு அரசு 15 ரூபாய் ஈடு தருகிறது என்று கொள்வோம். மாதம் பத்துப் பயணம் என்றால் ஆளுக்கு 150, வருடத்துக்கு 1,800. ஐம்பது லட்சம் பேருக்கு 900 கோடி. எல்லாரும் எல்லா டோக்கனையும் கிழித்தால்தான் இந்தத் தொகை. நடக்க முடியாதவர்கள், பைக்கில் பேரன் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள், கார் வைத்திருப்பவர்கள், பஸ்ஸே வராத ஊரில் இருப்பவர்கள் எல்லாம் கழிந்தால் பாதிதான் தேறும் என்பது என் ஊகம். அப்படியானால் 450 கோடி.

பெண்களின் விடியல் பயணத்துக்கு முதல் ஆண்டில் 1,200 கோடி என்று அறிவித்தார்கள். 2023-24 பட்ஜெட்டில் அது 2,800 கோடி. 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி. நாளொன்றுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் இதில் நடக்கின்றன. திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்ந்து சொன்னது. 3,600 கோடி போகிற இடத்தில் வயதான ஆண்களுக்கு இன்னொரு 450 கோடி அரசை மூழ்கடிக்கிற தொகை இல்லை, அற்பமும் இல்லை. வாக்குறுதிச் சந்தையில் இதன் விலை ஏற்கெனவே ஏறிவிட்டது: 2026 ஜனவரியில் அதிமுக வெளியிட்ட முதல் கட்ட வாக்குறுதிகளில் டவுன் பஸ்ஸில் எல்லா ஆண்களுக்கும் இலவசம் என்பதே ஒன்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பைக் ஓட்டுகிற இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் எழுபது வயது டேனரித் தொழிலாளிக்கும் ஒரே சலுகை என்றால், பணம் முதலில் தீர்ந்துபோவது பின்னவருக்குத்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதே புள்ளியியல் மதிப்பீடு, 2031-இல் தமிழ்நாட்டில் முதியோர் பங்கு 18.2 சதவீதம் ஆகும் என்கிறது. ஐந்தில் ஒருவரை நெருங்குகிறது. 2021 எண்ணிக்கையை வைத்து 450 கோடி என்று போட்ட கணக்கு, கட்டணம் ஒரு பைசா ஏறாவிட்டாலும், 2031-க்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும்.

யார் பாக்கெட்டிலிருந்து?

கட்டணம் ஏறாவிட்டாலும் என்றேன். 2018 ஜனவரியில்தான் கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தினார்கள். எதிர்ப்பு வந்ததும் பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். சாதாரணப் புறநகர் பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 58 பைசா என்பது அப்போது நின்ற கணக்கு. அன்று லிட்டர் எழுபது ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் பிறகு தொண்ணூறைத் தாண்டியது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 பைசா இழப்பு என்றது. அந்த எண்ணை அன்று எல்லாரும் பேசினார்கள். அந்த இழப்பை இத்தனை வருடம் தாங்கியது யார் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

பெரும்பகுதி அரசின் கடன், மானியம். இன்னொரு பகுதியைத் தாங்கியவர்கள் டிரைவர்களும் கண்டக்டர்களும். அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப்., கூட்டுறவுச் சங்கத் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் கட்ட வேண்டிய இடத்தில் கட்டப்படாமல் அன்றாடச் செலவுக்குப் போயின. ஓய்வுபெற்றவர்கள் பணிக்கொடைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2018 ஜனவரியில் ஒரு வாரத்துக்கு மேல் பஸ் ஓடாமல் நின்ற வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் முக்கியக் கோரிக்கை, ஓய்வுபெற்றவர்களுக்கு 2015-இலிருந்து நிறுத்திவைத்த அகவிலைப்படி. அதாவது முதியோருக்கு மலிவு விலையில் பஸ் ஓட்டியதன் செலவில் ஒரு பங்கை, பஸ் ஓட்டி ஓய்ந்த முதியவர்களே கொடுத்திருக்கிறார்கள். இந்த வழியில் இன்னொரு சலுகைக்குப் பணம் திரட்டக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. அறிவிக்கிற அன்றே அதற்கான தொகை பட்ஜெட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். மாதா மாதம் கழகத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும்.

போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 2022 ஆகஸ்டிலிருந்து 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநிலப் போக்குவரத்துக் கழக பஸ்களில் முழு இலவசம். 65 முதல் 75 வரை பாதிக் கட்டணம். ஆண், பெண் பேதம் கிடையாது. கிராமத்துப் பெரியவர்கள் பண்டரிபுரத்துக்கும் அஷ்டவிநாயகருக்கும் கிளம்பிப் போனார்கள், அழகான திட்டம். 2023 மார்ச்சில் பெண்களுக்கும் பாதிக் கட்டணம் வந்தது. சலுகைகளுக்கு அரசு தர வேண்டிய ஈட்டுத்தொகை முழுசாக வராமல், 2025 ஏப்ரலில் ஊழியர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமே கழகத்தால் கொடுக்க முடிந்தது.

கேரளத்தில் இன்னொரு பாடம். தனியார் பஸ்களில் மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் கட்டாயம்; அதற்கு அரசு ஈடு கட்டுவதில்லை. விளைவு, மாணவர்கள் கூட்டமாக நின்றால் பஸ் நிற்காமல் போவது, ஏறினால் இருக்கையில் உட்கார விடாமல் நிற்க வைப்பது, சலுகைக் கட்டணத்தை உயர்த்தச் சொல்லி உரிமையாளர்கள் அடிக்கடி வேலைநிறுத்தம். வேலூர் வட்டாரத்தில் தனியார் பஸ்கள் நிறைய. முதியோர் சலுகையை அவற்றுக்கும் நீட்டச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஈடு கட்டாமல் சட்டம் மட்டும் போட்டால், பெரியவர் கை காட்டுகிற நிறுத்தத்தில் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்.

பாஸ் இருக்கிறது, பஸ் இல்லை

இந்த விஷயத்தில் உலகத்தில் அதிக அனுபவம் உள்ள நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. அங்கே லண்டனுக்கு வெளியே பஸ்கள் 1986-இலிருந்தே பெரும்பாலும் தனியார் கையில். 2007-இல் சட்டம் இயற்றி, 2008 ஏப்ரல் 1 முதல் முதியோர் நாடு முழுக்க எந்த உள்ளூர் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம் என்றார்கள். வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் குறைந்த பிறகு என்று அர்த்தம். தகுதி வயதை 2010-இலிருந்து பென்ஷன் வயதோடு இணைத்தார்கள். அறுபதாக இருந்தது மெல்ல மெல்ல ஏறி 2020-இல் 66 ஆனது. பஸ் உரிமையாளருக்கு ஈடு கொடுப்பதில் ஒரு விதி வைத்தார்கள்: இந்தத் திட்டத்தால் அவருக்கு லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது. டிக்கெட் விலையை அப்படியே கொடுப்பதில்லை. இலவசம் இல்லாவிட்டால் எத்தனை பேர் காசு கொடுத்து ஏறியிருப்பார்கள் என்று கணித்துக் கொடுக்கிறார்கள்.

அங்கே கிராமப்புறங்களில் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பாஸுக்கான ஈட்டை உள்ளாட்சிகள் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். மத்திய நிதி குறைந்தபோது, சட்டக் கட்டாயம் இல்லாத செலவில் கை வைத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கிராமத்து பஸ்ஸுக்கு உள்ளாட்சி கொடுத்துவந்த மானியம் அப்படித்தான் வெட்டுப்பட்டது. ஊரெல்லாம் முதியவர்கள் கையில் பாஸோடு இருந்தார்கள். நிறுத்தத்துக்கு வரும் பஸ் நின்றுபோயிருந்தது.

ஹாங்காங் வேறு வழி பிடித்தது. 2012-இலிருந்து முதியோருக்கு எந்தப் பயணமும் 2 ஹாங்காங் டாலர். முழு இலவசம் வேண்டாம், ஒரு சிறு தொகை கொடுக்கட்டும் என்ற யோசனை. 2022-இல் வயது வரம்பை 65-இலிருந்து 60-க்கு இறக்கினார்கள், செலவு எகிறியது. 2025 பட்ஜெட்டில் மாதம் 240 பயணம் என்று உச்சவரம்பும், பத்து டாலருக்கு மேற்பட்ட கட்டணத்தில் இருபது சதவீதத்தை முதியவரே தர வேண்டும் என்ற திருத்தமும் அறிவித்தார்கள். மாதம் 240 எங்கே, நம்முடைய பத்து டோக்கன் எங்கே என்று சிரிப்பு வரலாம். வரம்பு வைத்துக் கொடுப்பது கஞ்சத்தனம் என்று நானும் நினைத்ததுண்டு. நிதி நெருக்கடி வந்தால், வரம்புள்ள திட்டத்தில் எண்ணிக்கையைத்தான் குறைப்பார்கள். வரம்பில்லாததை ஒரேயடியாக நிறுத்தத் தோன்றும்.

நிறுத்திய உதாரணம் நம் வீட்டு வாசலிலேயே உண்டு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. மேல்விஷாரத்துக்காரர்களுக்கு இன்றும் ரயில் ஏற அருகிலிருக்கும் நிலையங்களில் அது ஒன்று. 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் என்று முதியோருக்கு ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலுமாவது திரும்பக் கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லியும் அசையவில்லை. ஒரு சுற்றறிக்கையில் வந்த சலுகை இன்னொரு சுற்றறிக்கையில் போயிற்று. சென்னை டோக்கன் இரண்டு வருடம் காணாமல் போனதும், விடியல் பயணம் வெறும் அரசாணையில் நிற்பதும் இதே ரகம்தான். இங்கிலாந்துக்காரர்கள் வயதை உயர்த்தினார்கள், நேரத்தைக் குறுக்கினார்கள். சட்டமாக இருந்ததால் நிறுத்த முடியவில்லை.

இந்த ஊரில் பயணிகளுக்கு உதவுவது தர்மமாகவும் இருந்திருக்கிறது. மேல்விஷாரத்தில் பிறந்த தோல் வணிகர் சி.அப்துல் ஹக்கீம், ஊரில் அவர் பெயரால் கல்லூரியே இருக்கிறது, சென்னை சென்ட்ரல் பக்கத்தில் வெளியூர்ப் பயணிகள் தங்கிப் போக சித்திக் சராயைக் கட்டினார். செல்வந்தர் மனம் வைத்தால் சராய் கட்டலாம். தினமும் பஸ் ஓட்ட முடியாது. இன்றைய டேனரி, ஷூ கம்பெனிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலையில் பெண்களை ஏற்றிவந்து இறக்கிவிட்ட கம்பெனி பஸ்களும் வேன்களும் பகலெல்லாம் கேட்டுக்குள் சும்மா நிற்கின்றன. முதியவர்கள் மருத்துவமனைக்குப் போகிற நேரமும் அதுதான். தனியார் பணி வாகனம் என்று பெர்மிட் வாங்கிய வண்டியில் பொதுமக்களை ஏற்ற மோட்டார் வாகனச் சட்டம் விடாது. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துத் துறையும் நினைத்தால் வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை டிரிப்புக்கு ஒரு சிறப்பு அனுமதி வழி கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

டிக்கெட்டுக்கா, கிலோமீட்டருக்கா?

நான் வந்து சேர்கிற இடம் இது. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு மாவட்டங்களிலும் பத்து டோக்கன் கொடுக்க வேண்டும். காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு செல்லும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பாதி இருக்கை காலியாகத்தான் ஓடுகிறது. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குப் புறநகர் பஸ்ஸிலும், ஐம்பது கிலோமீட்டர் வரைக்காவது, டோக்கன் செல்ல வேண்டும். ஆண், பெண் இருவருக்கும். இல்லாவிட்டால் மேல்விஷாரம் மாதிரி நெடுஞ்சாலை ஊர்களுக்கு இது காகிதச் சலுகை. ஈட்டை டிக்கெட் எண்ணிக்கைக்கு மட்டும் கொடுக்காமல், ஒரு பங்கை அட்டவணைப்படி ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுக்க வேண்டும். டிக்கெட்டுக்கு மட்டும் காசு என்றால், கூட்டம் வழிகிற தடத்தில் பஸ்ஸை விடுவதும் உள்ளூர்த் தடத்தில் டிரிப்பைக் குறைப்பதும்தான் கழகத்துக்கு லாபம். ஓடியதற்குக் காசு என்றால் காலை பதினொன்றரைக்கு நாலு கிழவர்களோடு வருகிற பஸ்ஸும் கணக்கில் நிற்கும்.

இதையெல்லாம் தீர்மானிக்கிற இடம் ராணிப்பேட்டையிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. ஒரு காலத்தில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் இருந்தது. 1997-இல் தலைவர்கள் பெயர்களை எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கியபோது அந்தப் பெயர் போனது. பிறகு கழகமே விழுப்புரத்தோடு சேர்ந்தது. இப்போது இந்தத் தோல் பட்டையின் டவுன் பஸ்கள் விழுப்புரம் கோட்டத்தின் ஒரு மண்டலம். மேல்விஷாரம் நகராட்சிக்கு எந்த நேரத்தில் எந்த பஸ் வேண்டும் என்று சொல்ல முறையான இடம் எதுவும் கிடையாது, மனு கொடுக்கலாம்.

விழுப்புரத்துக்கோ சென்னைக் கோட்டைக்கோ இந்த ஊரின் வயதான பயணிகள் எத்தனை பேர் என்று தெரியவும் வழியில்லை. கண்டக்டரின் மெஷினில் இலவச டிக்கெட் மகளிர், திருநங்கையர், மாற்றுத்திறனாளி, உடன் வருபவர் என்றுதான் பிரிகிறது. வயது அதில் இல்லை. 3,600 கோடியில் அறுபதைத் தாண்டிய பெண்களின் பயணம் எவ்வளவு, அவர்கள் எந்த நேரத்தில், எந்தத் தடத்தில் ஏறுகிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அது தெரிந்தால் ஆண்களுக்கான செலவை நான் மேலே போட்ட மாதிரி ஊகத்தில் போட வேண்டியிருக்காது. அந்த மெஷினில் ‘60+’ என்று இன்னொரு பொத்தான் சேர்க்க பட்ஜெட் வரை காத்திருக்கத் தேவையில்லை.